கீழே கிடந்த பணம்: அல்லாஹ் கொடுத்ததா, அடுத்தவர் அமானிதமா?



புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் முஹம்மத் முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



அஸர் தொழுதுவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒருவர் வந்து, "ஹஜ்ரத், ரோட்டில் காசு கிடந்தால் எடுக்கலாமா?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் ஐம்பது, நூறு ரூபாய் விஷயமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கேட்கும், வயதானவர்கள் கேட்பார்கள். ஐம்பதாயிரம் கிடைத்தவர் மட்டும் கேட்க வருவதே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கே தெரியும் போலிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஷரீஅத்தில் தனிப் பெயரே உண்டு. உரியவர் தவறவிட்டு, வேறொருவர் கண்டெடுத்த பொருளுக்கு "லுகதா" என்று பெயர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் இதற்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். நான்கு மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களிலும் லுகதாவுக்குத் தனிப் பாடம் உண்டு. தொழுகைக்கும் நோன்புக்கும் சட்டம் சொன்ன மார்க்கம், தெருவில் கிடக்கும் ஒரு பைக்கும் சட்டம் சொல்லாமல் விடவில்லை.

ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு மனிதர் பெருமானாரிடம் வந்து, கண்டெடுத்த பொருளைப் பற்றிக் கேட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள், அந்தப் பொருள் இருந்த பை எது, அதைக் கட்டியிருந்த கயிறு எது என்று நன்றாக அடையாளம் தெரிந்துகொண்டு, ஒரு வருடம் அறிவிப்புச் செய்யச் சொன்னார்கள். அதன் பிறகும் யாரும் வராவிட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் உரியவர் என்றைக்கு வந்தாலும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வந்தவர் அதோடு விடவில்லை. வழி தவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டார். அதை நீர் பிடிக்காவிட்டால் உம் சகோதரர் ஒருவர் பிடிப்பார், அவரும் பிடிக்காவிட்டால் ஓநாய் பிடித்துவிடும் என்ற கருத்தில் பதில் வந்தது. அதாவது, விட்டால் வீணாகிவிடும் பொருளைக் காப்பாற்றலாம். பிறகு அவர் வழி தவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார். அப்போது பெருமானாருக்குக் கோபம் வந்து, கன்னங்கள் சிவந்துவிட்டன. ஒட்டகத்தோடு உமக்கு என்ன வேலை, நடப்பதற்கு அதற்குக் கால் இருக்கிறது, தண்ணீரைத் தன்னிடமே வைத்திருக்கிறது, மரத்தின் இலையைத் தின்றுகொண்டு உரியவன் வந்து சேரும்வரை அது இருந்துகொள்ளும் என்ற கருத்தில் சொன்னார்கள்.

ஏன் கோபப்பட்டார்கள்? ஒட்டகத்தைப் பிடித்து வருவது காப்பாற்றுவது ஆகாது. அது காணாமல் போன பொருளே இல்லை. அதன் உரியவன் வந்து தேடப்போகும் இடத்திலேயே அது நிற்கிறது. அங்கிருந்து அதை ஓட்டிப் போவதுதான் அதைக் காணாமல் ஆக்குவது. நம் ஊரில் யாராவது ரயிலடியில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய சைக்கிள் இரண்டு நாளாக அங்கேயே நிற்கிறது என்றால், அது கண்டெடுத்த சைக்கிள் அல்ல. அது ஒட்டகம்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் வழி தவறிய ஒட்டகங்கள் அப்படியே விடப்பட்டன, யாரும் தொடமாட்டார்கள், அவை குட்டி போட்டுப் பெருகின. உஸ்மான் (ரலி) அவர்களின் காலம் வந்தபோது, அவற்றைப் பிடித்து அறிவிப்புச் செய்து, விற்று, கிரயத்தை உரியவருக்காக எடுத்து வைக்கும்படி உத்தரவிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்தச் செய்தி இருக்கிறது. மக்கள் மாறிவிட்டார்கள், விட்டால் தொலைந்துவிடும் என்ற நிலை வந்துவிட்டது, அதனால்தான் இந்த மாற்றம் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். தொடாமல் விடுவதும் உரியவனுக்காகத்தான், பிடித்து விற்பதும் உரியவனுக்காகத்தான். கண்டெடுத்தவனுக்கு என்ன லாபம் என்று அந்த இரண்டு கலீஃபாக்களும் கேட்கவே இல்லை.

சகோதரர்களே! உபை இப்னு கஅப் (ரலி) அவர்களைத் தெரியாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். குர்ஆனை ஓதுவதில் ஸஹாபாக்களின் முன்னணியில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஒரு பை கிடைத்தது. உள்ளே 100 தீனார். ஒரு தீனாருக்கு நாலேகால் கிராம் தங்கம் என்று கணக்குப் போட்டால் 425 கிராம். நம் ஊர்க் கணக்கில் 53 பவுன். சும்மா நினைத்துப் பாருங்கள், 53 பவுன் தெருவில் கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை. சிசிடிவி இல்லை, போலீஸ் ஸ்டேஷன் இல்லை.

அவர்கள் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பெருமானாரிடம் போனார்கள். ஒரு வருடம் அறிவிப்புச் செய்யும்படி பதில் வந்தது. ஒரு வருடம் செய்தார்கள், யாரும் வரவில்லை. திரும்பப் போனார்கள். இன்னும் ஒரு வருடம் என்று பதில் வந்தது. அதையும் செய்துவிட்டு மறுபடியும் போனார்கள். கடைசியாக, எண்ணிக்கையையும் பையையும் கயிற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, உரியவர் வந்தால் கொடுத்துவிடும்படியும், இல்லையென்றால் பயன்படுத்திக்கொள்ளும்படியும் அனுமதி கிடைத்தது. இதை அறிவிப்பவர்களில் ஒருவரான ஸலமா, பிற்காலத்தில், மூன்று வருடமா ஒரு வருடமா என்று தமக்கு உறுதியாக நினைவில்லை என்று சொன்னதும் அந்த ஹதீஸிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு வருடம் என்பதுதான் பொதுச் சட்டம் என்று ஃபுகஹாக்கள் எடுத்தார்கள்.

இந்த ஹதீஸ் எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பது அதைவிட அழகு. ஸுவைத் இப்னு கஃபலா (ரஹ்) என்ற தாபிஈ, இரண்டு தோழர்களோடு ஒரு போருக்குப் போனார். வழியில் ஒரு சாட்டை கிடந்தது. சாட்டை, அவ்வளவுதான். எடுத்துக்கொண்டார். உடன் வந்த இருவரும், போட்டுவிடும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்: உரியவரைக் கண்டால் கொடுப்பேன், இல்லையென்றால் பயன்படுத்திக்கொள்வேன் என்றார். போர் முடிந்து திரும்பி, ஹஜ்ஜுக்குப் போய், மதீனா வழியாக வரும்போது உபை (ரலி) அவர்களைத் தேடிப் போய் அந்தச் சாட்டையைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் உபை (ரலி) அவர்கள் தமது 100 தீனார் கதையைச் சொன்னார்கள். ஒரு சாட்டையை ஹஜ்ஜு முடியும்வரை மனதில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். நாம் அடுத்தவர் குடையை மாற்றி எடுத்து வந்துவிட்டு, மழை விட்டதும் மறந்துவிடுகிறோம்.

எப்படி அறிவிப்பது?

அறிவிப்பு என்றால் என்ன என்பதில்தான் நம்மில் பலருக்குக் குழப்பம். பையையும் கயிற்றையும் எண்ணிக்கையையும் தெரிந்துகொள்ளச் சொன்னது ஏன்? வந்து கேட்பவரிடம் அதைத்தான் கேட்க வேண்டும். "எவ்வளவு இருந்தது? எதில் வைத்திருந்தீர்கள்? என்னென்ன நோட்டு?" அவர் சரியாகச் சொன்னால் மனம் நிம்மதியாகக் கொடுக்கலாம். ஆகவே அறிவிப்பில் பொருளின் இனத்தை மட்டும் சொல்ல வேண்டும். அடையாளத்தைச் சொல்லிவிடக் கூடாது. நம் இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. பர்ஸை விரித்து, உள்ளே இருக்கும் நோட்டையெல்லாம் விசிறி போலப் பரப்பி, போட்டோ எடுத்து, "உரியவர் தொடர்பு கொள்ளவும், அதிகம் பகிரவும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். இப்போது எண்ணிக்கை ஊருக்கே தெரியும், பையின் நிறம் ஊருக்கே தெரியும். நாலு பேர் வந்து சரியான அடையாளம் சொன்னால் யாருக்குக் கொடுப்பீர்கள்? "இன்ன இடத்தில், இன்ன நாளில் ஒரு பர்ஸ் கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்று போடுங்கள், போதும். உள்ளே ஆதார் அட்டையோ போன் எண்ணோ இருந்தால் அறிவிப்பே தேவையில்லை. நேராக அவரைத் தேடிப் போய்விட வேண்டியதுதான்.

எங்கே அறிவிப்பது? கிடைத்த இடத்திலும், மக்கள் கூடும் சந்தையிலும், பள்ளிவாசல் வாசலிலும். பள்ளிவாசல் உள்ளே அல்ல, வாசலில். காணாமல் போன பொருளைப் பள்ளிக்குள் நின்று கூவித் தேடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாக வெறுத்தார்கள். பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்படவில்லை என்று சொன்னதாக முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. அதனால்தான் மக்கள் தொழுதுவிட்டு வெளியேறும் வாசலை ஃபுகஹாக்கள் சொன்னார்கள். ஒரு வருடம் என்றால் தினமும் நின்று கத்த வேண்டும் என்பதில்லை. ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. முந்தைய அறிவிப்பு மறந்துபோகாத அளவுக்கு இருந்தால் போதும்.

இன்னொன்று: சாட்சி. இயாள் இப்னு ஹிமார் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. கண்டெடுத்தவர் நேர்மையான சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும், மறைக்கக் கூடாது என்று அதில் பெருமானார் கட்டளையிடுகிறார்கள். எடுத்த அன்றைக்கே நம்பிக்கையான இருவரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் தெரியுமா? முதல் நாள் நம் நிய்யத் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதம் பீரோவில் இருந்தால் பணம் பேச ஆரம்பித்துவிடும். இரண்டு பேருக்குத் தெரியும் என்பது ஷைத்தானுக்குப் போடும் பூட்டு. திடீரென்று நமக்கு மவ்த் வந்துவிட்டாலும், பிள்ளைகள் அதை வாப்பாவின் சொத்து என்று பாகம் பிரித்துவிடாமல் இருப்பார்கள்.

"அல்லாஹ் கொடுத்தான்" என்ற சொல்

ஏழு மாதத்திற்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். பேருந்து நிலையத்தில் அவருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்திருந்தது. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். எதில் வைத்திருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். பெயர் இல்லை, முகவரி இல்லை, துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த வாரம் அவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ராத்திரி தஹஜ்ஜுதில் அழுது கேட்டேன். காலையில் கிடைக்கிறது. இது துஆவுக்கு ஜவாப் இல்லாமல் வேறென்ன?"

இந்தக் கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். தக்வா உள்ளவனுக்கு அவன் எண்ணிப்பார்க்காத புறத்திலிருந்து ரிஸ்க் கொடுப்பதாக அல்லாஹ் தலாக் அத்தியாயத்தில் வாக்களித்திருக்கிறான். அந்த வாக்குறுதி உண்மை. ஆனால் அந்த வாக்குறுதி யாருக்கு என்று வசனத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: அல்லாஹ்வை அஞ்சி நடப்பவருக்கு. முதலில் தக்வா, பிறகு வழி. அடுத்தவர் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு அதையே தக்வாவின் பரிசு என்று சொன்னால், வசனத்தைத் தலைகீழாக ஓதுகிறோம்.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "நீங்கள் தஹஜ்ஜுதில் கேட்டீர்கள். நேற்று ராத்திரி இதைத் தொலைத்தவரும் கேட்டிருப்பார் அல்லவா? யா அல்லாஹ், என் பணத்தை நல்ல மனிதர் கையில் சேர்த்துவிடு என்று. ஒருவேளை ஜவாப் வந்தது உங்கள் துஆவுக்கு இல்லாமல் அவர் துஆவுக்காக இருந்தால்?"

தெருவில் கிடக்கும் பணத்தில் பெயர் எழுதியிருக்காது, ஆனால் அது எங்கோ போய்க்கொண்டிருந்த பணம். நகைக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வட்டிக்காரனுக்கு, ஊரில் இருக்கும் தாயாருக்கு. தொலைத்தவர் இந்துவாக இருக்கலாம், கிறிஸ்தவராக இருக்கலாம். அதனால் சட்டம் மாறிவிடாது. மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்படும் இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட அதே ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்திருந்த அமானிதங்களை ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களைப் பின்னால் விட்டுச் சென்றார்கள் நம் பெருமானார். அமானிதங்களை உரியவர்களிடம் சேர்த்துவிடும்படி அன்னிஸா அத்தியாயம் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடும்போது, உரியவர் முஸ்லிமாக இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடவில்லை.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு சிறு காட்சி. பஞ்சத்தில் தானியம் வாங்க வந்த சகோதரர்களின் கிரயத்தை, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களின் மூட்டைக்குள்ளேயே திருப்பி வைக்கச் சொல்கிறார்கள் யூஸுஃப் நபி. ஊர் போய்ப் பார்த்தால் அவர்கள் திரும்பி வரக்கூடும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. ஏன் திரும்பி வர வேண்டும்? தங்களுக்கு உரிமையில்லாத பணம் மூட்டையில் இருக்கிறதே என்று அந்தக் குடும்பத்தார் அதை வைத்துக்கொள்ள மனமில்லாமல் கொண்டுவருவார்கள் என்பது முஃபஸ்ஸிர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. தம்பியைக் கிணற்றில் போட்டவர்கள்தான். ஆனாலும் யஃகூப் நபியின் வீட்டில் வளர்ந்தவர்கள், அடுத்தவர் பணத்தைத் தின்ன மாட்டார்கள் என்று யூஸுஃப் நபி நம்பினார்கள் என்றால், அந்த வீட்டின் தர்பியத்தை யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார். இன்னும் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். பணம் தொடாமல் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வருடம் முடிந்தால்

ஷாஃபிஈ மத்ஹபில், முறையாக ஒரு வருடம் அறிவித்த பிறகு, கண்டெடுத்தவர் ஏழையோ பணக்காரரோ, அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். ஆனால் உரியவர் பிறகு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும். செலவழித்திருந்தால் அது கடன். ஹனஃபீ மத்ஹபில், கண்டெடுத்தவர் ஏழையாக இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். வசதியுள்ளவர் என்றால் உரியவர் பெயரில் ஸதகா செய்துவிட வேண்டும். பிறகு உரியவர் வந்தால், ஸதகாவைச் சம்மதித்து அதன் நன்மையைப் பெற்றுக்கொள்ளவோ, தம் பணத்தைத் திருப்பிக் கேட்கவோ அவருக்கு உரிமை உண்டு. இரண்டு மத்ஹபிலும் அந்த மனிதரின் உரிமை சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறு தொகைக்கு ஒரு வருடம் தேவையில்லை. 10 திர்ஹமுக்கு, அதாவது ஏறத்தாழ 30 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறைந்ததைச் சில நாட்கள் அறிவித்தால் போதும் என்பது ஹனஃபீ மத்ஹபில் ஒரு கருத்து. உரியவர் தேடுவதை விட்டுவிட்டிருப்பார் என்று மனம் சொல்லும்வரை என்று கணக்குச் சொன்னவர்களும் உண்டு.

அற்பமான பொருளுக்கு அறிவிப்பே இல்லை. ஒரு நாள் வழியில் கிடந்த ஒரு பேரீச்சம் பழத்தைப் பெருமானார் பார்த்தார்கள். இது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிட்டால் எடுத்துச் சாப்பிட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். பெருமானாருக்கு ஸதகா ஆகாது, அதுதான் அச்சம். ஒரு பழத்திற்காக ஊரைக் கூட்டச் சொல்லவில்லை. அதே சமயம் அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலும் இல்லை.

மக்கா ஹரமில் கிடைக்கும் பொருளுக்குத் தனிச் சட்டம். அறிவிப்பதற்காக அல்லாமல் அதை யாரும் எடுக்கக் கூடாது. ஹாஜிகள் தவறவிட்டதை எடுப்பதைப் பெருமானார் தடுத்திருக்கிறார்கள். உம்ராவுக்குப் போகிறவர்கள் தவாஃபில் ரியால் கிடந்தால், அங்கே அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இதெல்லாம் லுகதாவே அல்ல

சில பணத்தை நாம் "கிடைத்தது" என்று சொல்கிறோம், ஆனால் அது கிடைத்ததே அல்ல. கடைக்காரர் ஐந்நூறுக்குச் சில்லறை கொடுக்கும்போது கூடுதலாக நூறு கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. உரியவர் யார் என்று தெரியும். கடை எங்கே இருக்கிறது என்று தெரியும். இதில் ஒரு வருடம் இல்லை, அறிவிப்பு இல்லை. திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் சட்டம். "அவன் எத்தனை தடவை எடையில் ஏமாற்றியிருக்கிறான்" என்று கணக்கு நேர் செய்கிறோமே, அந்தக் கணக்கை யார் எழுதியது? பெரும்பாலும் கல்லாவில் நிற்பது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன். ராத்திரி கல்லா குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கூகுள் பேயில் தவறாக வந்து விழும் பணமும் இப்படித்தான். எண்ணை மாற்றி அழுத்திவிட்டார் ஒருவர். அவரைக் கண்டுபிடிக்க வங்கிக்கு வழி இருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியாதவர் போன் செய்து, "தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால் உடனே அனுப்பிவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் இப்படியும் வருகிறார்கள். முதலில் பணம் உண்மையிலேயே உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உங்கள் வங்கியில் எழுத்தில் தெரிவித்து, வங்கி மூலமாகவே திருப்புங்கள். ஏடிஎம் வாயில் யாரோ விட்டுப்போன நோட்டுக்கும் அதே வழிதான். எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது வங்கிக்குத் தெரியும்.

நாட்டின் சட்டமும் இதில் நமக்கு எதிராக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில், கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவரை, பொருளைப் பாதுகாக்க ஒப்படைக்கப்பட்டவரைப் போல நடத்துகிறது. அமானிதம் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வருகிறது அது. உரியவரைத் தெரிந்துகொண்டோ, தேடிப் பார்க்க வழியிருந்தும் தேடாமலோ எடுத்து வைத்துக்கொண்டால் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு. சிறைத் தண்டனையும் உண்டு. போலீஸுக்குப் பயந்து திருப்பிக் கொடுப்பவருக்கும் அல்லாஹ்வுக்குப் பயந்து கொடுப்பவருக்கும் கூலியில் வித்தியாசம் இருக்கும், ஆனால் பணம் உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் அதுவும் நல்லதுதான்.

இன்னொரு பழக்கம். பிள்ளை தெருவில் நூறு ரூபாய் எடுத்து வந்தால், "போய்ப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடு" என்று தாய்மார்கள் சொல்லிவிடுகிறார்கள். கையைக் கழுவிக்கொண்ட மாதிரி. தாயாரே, அந்தப் பணம் உங்களுடையது அல்ல. அதை ஸதகா செய்ய உங்களுக்கு யார் வகாலத் கொடுத்தார்கள்? முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கடையிலாவது ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டியல் கடைசி வழி, முதல் வழி அல்ல. பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியதும் அந்தப் பெட்டிக்கடைக்கு நடக்கும் நடையைத்தான்.

பல வருடத்திற்கு முன்பு எடுத்துச் செலவழித்துவிட்டு, இப்போது உறுத்தலோடு உட்கார்ந்திருப்பவர் இந்த ஸஃப்பில் ஒருவராவது இருக்கலாம். அவருக்கு வழி மூடப்படவில்லை. உரியவரைத் தெரியும் என்றால் அவரிடம், அவர் இல்லையென்றால் அவர் வாரிசுகளிடம் சேர்த்துவிட வேண்டும். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தால், எப்படியாவது அவர் கையில் போய்ச் சேரும்படி செய்யுங்கள். தெரியவே தெரியாது, தேடவும் வழியில்லை என்றால், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் செய்ததைப் பாருங்கள். ஒருவரிடமிருந்து ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார்கள். விலையைக் கொடுப்பதற்குள் விற்றவரைக் காணவில்லை. ஒரு வருடம் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கிரயத்தை ஒரு திர்ஹம், இரண்டு திர்ஹமாக ஏழைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். யா அல்லாஹ், இது அவர் சார்பாக. அவர் வந்து கேட்டால் இந்த ஸதகா என்னுடையதாகட்டும், அவருக்குக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு என்ற கருத்தில் துஆ செய்துகொண்டே கொடுத்தார்கள். கண்டெடுத்த பொருளிலும் இப்படியே செய்யுங்கள் என்று மக்களுக்கும் சொன்னார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே நாளில் கொடுக்க முடியாதவர் மாதம் ஐந்நூறு என்றுகூட ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னோர்களின் காலத்தில் நடந்ததாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒருவர் நிலம் வாங்கினார். உழும்போதோ தோண்டும்போதோ ஒரு ஜாடி நிறையத் தங்கம். விற்றவரிடம் கொண்டு போனார்: நான் நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கத்தை வாங்கவில்லை. விற்றவர் வாங்க மறுத்தார்: நிலத்தை அதில் இருப்பதோடு சேர்த்துத்தான் விற்றேன். உனக்குத்தான், உனக்குத்தான் என்று வழக்கு முற்றி ஒரு நடுவரிடம் போனது. அவர் இருவருக்கும் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு மகள். இருவருக்கும் மணமுடித்து, அந்தத் தங்கத்தை அவர்களுக்குச் செலவழித்து, தர்மமும் செய்யும்படி தீர்ப்புச் சொன்னார். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இன்று நம் கோர்ட்டில் நிலத் தகராறு நடப்பதும் "எனக்குத்தான், எனக்குத்தான்" என்றுதான். ஒரு சொல்தான் மாறியிருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் கைகளையும் நம் பிள்ளைகளின் வயிறுகளையும் அடுத்தவர் பொருளைவிட்டும் பாதுகாப்பானாக. தொலைத்தவர்களுக்கு அவர்களின் பொருளைச் சேர்த்து வைப்பானாக. அந்தச் சகோதரரின் கடனை லேசாக்குவானாக. ஆமீன்.

தொழுகை முடிந்ததும் முஅத்தின் சாஹிப் பள்ளி வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்திற்கு அப்பால் நிற்பார். பேருந்து நிலையத்தில் கிடைத்த அந்தப் பணத்துக்கு இது எட்டாவது மாத அறிவிப்பு. இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில், உங்கள் ஊரில் போய்ச் சொல்லுங்கள். அடையாளம் சொல்ல வருபவரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மாலை அஸர் முதல் மஃரிப் வரை அங்கே ஆள் இருப்பார்.